ஞாயிற்றுக்கிழமைத் தேர்

நல்லூர்க் கந்தனுக்கு 25 நாள் திருவிழா. ஆடி அமாவாசை கழிந்து ஆறாம் நாள் கொடி ஏறும். 24ஆம் நாள் தேர், ஆவணி அமாவாசையில் தீர்த்தம். எந்தக் கிழமையில் வந்தாலும் யாழ்ப்பாணம் வேலையைப் போட்டுவிட்டு வீதிக்கு வந்துவிடும். லண்டனில் அதற்கு வழியில்லை. இங்கே பள்ளி விடுமுறைக்குள் ஒரு ஞாயிறைத் தேருக்கென்று முதலில் குறித்துக்கொண்டு, பின்னோக்கி எண்ணித்தான் கொடியேற்றத்துக்கு நாள் வைக்கிறோம்.

1981இல் விம்பிள்டனில் கணபதி கோயில் வந்தது. 1986இல் ஹைகேட் முருகனுக்குக் குடமுழுக்கு. இலங்கையில் 1983 ஆடிக் கலவரத்துக்குப் பிறகு அகதிகளாக வந்து சேர்ந்தவர்கள் பெருகப் பெருக, நாலா திசையிலும் கோயில்கள் எழுந்தன. வெஸ்ட் ஈலிங் கனகதுர்க்கை அம்மன் குடியிருப்பது ஒரு பழைய கிறித்தவ ஆலயக் கட்டடத்தில். தெல்லிப்பழைத் துர்க்கையை விட்டுவந்த எங்களுக்கு அவளே இங்கே ஆறுதல்.

ஓகஸ்ட் மாதத்தில் அவள் தேரேறும் ஞாயிறன்று அந்தத் தெருக்களைப் பார்க்க வேண்டும். ஆண்களும் பெண்களுமாக வடம் பிடிப்பார்கள். காவடியும் பாற்செம்பும் வரிசையாக வரும். தேருக்குப் பின்னே, ஈர வேட்டியோடு ஆண்கள் தார் றோட்டில் உருண்டு பிரதட்டை செய்வார்கள். பெண்கள் நாலு அடி நடந்து, விழுந்து கும்பிட்டு, எழுந்து மறுபடி நடந்து அடியழிப்பார்கள். குவித்து வைத்த தேங்காய்கள் உடைய உடைய இளநீர் ஓடி, வெறுங்காலில் சிரட்டைத் துண்டு குத்தும். நல்லூர் வீதி மணலில் செய்த நேர்த்தியை இந்தத் தாரில் செய்வது கடினம். ஆனாலும் ஒருவரும் குறைத்துச் செய்வதில்லை.

நாளை மாற்றினோம். வரிசையை மாற்றவில்லை. சைவத்தில் மகோற்சவம் என்பது இறைவனின் ஐந்தொழிலை நாள்வாரியாகக் காட்டுவது. கொடியேற்றம் படைத்தல், வாகனத் திருவிழாக்கள் காத்தல். தேர் அழித்தல், முப்புரம் எரிக்கச் சிவன் தேரேறிய கதை அதற்குப் பின்னால் நிற்கிறது. மௌனத் திருவிழா மறைத்தல், தீர்த்தம் அருளல். தேர் இருப்புக்கு வந்ததும் சுவாமிக்குப் பச்சை சாத்தி இறக்குவது எங்கள் வழக்கம். சங்காரம் முடிந்து கோபம் தணிந்தது, இனி அருள் என்பதற்கு அந்தப் பச்சைப் பட்டும் பச்சை மாலையும் அடையாளம்.

என் மனக்குறை ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை ஆயிரக்கணக்கில் கூடும் சனம், திங்கட்கிழமைத் தீர்த்தத்துக்கு வருவதில்லை. வேலை இருக்கிறது, விளங்குகிறது. ஆனால் இங்கே பிறந்த பிள்ளைகள் வருடாவருடம் தேரை மட்டும் கண்டு வளர்ந்தால், அழித்தலோடு திருவிழா முடிந்துவிடுகிறது என்றுதானே நினைப்பார்கள்? கலவரத்துக்கும் போருக்கும் தப்பி வந்த குடும்பங்களின் பிள்ளைகள் அவர்கள். அழித்தலுக்கு அடுத்த நாள் அருளல் உண்டு என்பது அவர்களுக்குக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்த முறை தேருக்கு விடுப்புக் கேட்கத் தேவையில்லை, அது ஞாயிறு. தீர்த்தத்துக்குக் கேளுங்கள். பிள்ளைகளுக்குப் பள்ளியும் இல்லை, கூட்டிக்கொண்டு வாருங்கள்.