சென்னையில் ஒரு சமன் ஆட்டம்

சதுரங்கத்தில் வென்றவன் கதையை ஊரே சொல்லும். தோற்றவன் கதையையும் யாராவது சொல்வார்கள். சமனாக முடிந்த ஆட்டத்துக்குத்தான் கதை சொல்ல ஆள் கிடையாது. ஆனால் 2013-ஆம் ஆண்டு நவம்பர் 9-ஆம் தேதி சென்னையில் நடந்த ஓர் ஆட்டத்துக்கு நீண்ட சரித்திரம் உண்டு.

உலகச் சாம்பியன் விசுவநாதன் ஆனந்துக்கு அன்று வயது 43. எதிரே அமர்ந்த நார்வே வாலிபர் மாக்னஸ் கார்ல்சனுக்கு 22. வெள்ளைக்காய் கார்ல்சனுடையது. முதலில் குதிரையை எடுத்து வைத்தார். ரெட்டி என்பவர் பெயரால் வழங்கும் தொடக்கம் அது. எட்டு ஆண்டுகள் தோல்வியே அறியாதிருந்த காபபிளாங்காவை ரெட்டி 1924-இல் நியூயார்க்கில் குதிரையை முதலில் நகர்த்தித்தான் வீழ்த்தினார்.

ஆனந்த் ராஜா பக்கத்துக் குதிரைக்கு முன்னிருந்த சிப்பாயை ஒரே ஒரு கட்டம் தள்ளி, அந்த இடத்தில் மந்திரியை நிறுத்தினார். கார்ல்சனும் அப்படியே செய்திருந்தார். இந்த முறை எங்கிருந்து வந்தது தெரியுமா? 1850-களில் கல்கத்தாவில் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்து பாரிஸ்டருடன் ஓயாமல் ஆடிய மகேஷ் சந்திர பானர்ஜி என்ற வங்காளி விரும்பி ஆடிய முறை இது. நம் நாட்டுப் பழைய ஆட்டத்தில் சிப்பாய் முதல் அடியிலேயே இரண்டு கட்டம் பாய முடியாது. அந்தப் பழக்கமே அவருக்கு ஆயுதமாயிற்று. 1855-இல் அவர் ஆடிய ஒரு தற்காப்பு, 1922-இல் அதை ஆடிய வியன்னாக்காரர் குருன்ஃபெல்டின் பெயரைப் பெற்றது. பானர்ஜியின் பெயர் மறைந்து, ‘இந்தியத் தற்காப்பு’ என்ற பொதுப்பெயரில் தேசத்தின் பெயர் மட்டும் மிஞ்சியது.

சென்னையில் ஆனந்தின் குதிரை கார்ல்சனின் ராணியைத் துரத்தியது. ராணி விலகிக் குதிரையைத் தாக்கினாள். குதிரை நகர்ந்து மறுபடியும் ராணியைத் தாக்கியது. 16-ஆவது நகர்த்தலில் ஆட்டம் சமன். காஞ்சிபுரத்தில் கோர்வைச் சேலை நெய்ய இருவர் வேண்டும். கரையையும் உடலையும் இணைக்க ஒரு கை போதாது. சமனும் அப்படித்தான். வெள்ளைக்காய் தரும் அனுகூலத்தைக் கறுப்பு பறித்துக்கொண்டது. அன்று அது ஆனந்துக்குக் கௌரவம்.

ஆனால் 5, 6, 9-ஆம் ஆட்டங்களில் கார்ல்சன் வென்றார். பட்டத்துக்கு அவருக்கு வேண்டியிருந்தது இன்னும் அரைப் புள்ளிதான். நவம்பர் 22-இல் பத்தாவது ஆட்டம் 65 நகர்த்தல்கள் நீடித்துச் சமனாயிற்று. பட்டம் 6½–3½ என்ற கணக்கில் கைமாறியது.

முதல் சமனிலும் அரைப் புள்ளி. கடைசிச் சமனிலும் அரைப் புள்ளி. ஒன்று மகுடத்தைக் காத்தது. மற்றொன்று அதை இறக்கி வைத்தது.