தருமபூமியும் சேகரகுரு ஸ்மால்வுட்டும்

பூல்ட்டிங் சகோதரர்கள் 1963இல் வெளியிட்ட ‘ஹெவன்ஸ் அபவ்’ என்னும் ஆங்கில நகைச்சுவைப் படம் ஒரு பெயர்க் குழப்பத்தில் தொடங்குகிறது. ஆர்பிஸ்டன் பார்வா என்னும் கற்பனை ஊருக்குச் சேகரகுருவாக அனுப்பப்பட வேண்டியவர் ஒரு ஜான் ஸ்மால்வுட். அலுவலகப் பிழையால் வந்து சேர்பவரோ அதே பெயருடைய சிறைச்சாலைக் குருவானவர். பீட்டர் செல்லர்ஸ் ஏற்ற இந்தப் பாத்திரத்தின் ஒரே குறை, நற்செய்தியில் எழுதியிருப்பதை எழுதியவாறே நம்புவது. குப்பை அள்ளும் கறுப்பினத் தொழிலாளியை ஆலய நிர்வாகியாக்குகிறார். சீமாட்டி டெஸ்பார்டின் மனத்தை மாற்றி, வருவோர்க்கெல்லாம் இலவசமாக உணவுப் பொருள் கொடுக்கச் செய்கிறார். கடைகளில் வியாபாரம் படுத்துவிடுகிறது. ஆலையில் வேலை போகிறது. பெற்று உண்டவர்களே குருவானவர் மீது பாய்கிறார்கள்.

இப்படத்திற்கு மூலக்கருத்தைத் தந்தவர் மால்கம் மகரிட்ஜ். இளைஞராயிருந்தபோது, 1920களின் நடுப்பகுதியில், ஆலுவா யூனியன் கிறித்தவக் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவர் அவர். வைக்கம் போராட்டம் நடந்த காலம் அது. காந்தியடிகள் 1925இல் அக்கல்லூரிக்கு வந்தார். இதை வைத்துப் படத்தின் கதை திருவிதாங்கூரில் பிறந்தது என்று சொல்லிவிடுவது ஆய்வு நேர்மையாகாது. ஆயினும் அவர் வாழ்ந்த அந்நாட்டின் தலைநகரில், கிழக்கேகோட்டையில், ஸ்மால்வுட்டின் செயலுக்கு நேர் எதிரான ஓர் ஏற்பாடு தலைமுறைகளாக நிலைபெற்றிருந்தது என்பது கவனத்திற்குரியது.

மார்த்தாண்டவர்மர் 1750இல் நாட்டைப் பத்மநாபசுவாமிக்கு அர்ப்பணித்த பின், ஆள்வோர் பத்மநாபதாசர் ஆயினர். அரசின் தருமம் அதன்பின் அறநெறி மட்டுமன்று, வரவுசெலவுக் கணக்கின் ஒரு தலைப்பும்கூட. நாடெங்கும் இருந்த ஊட்டுப்புரைகளிலும் தலைநகரின் அகரசாலையிலும் பிராமணர்க்குக் கருவூலச் செலவில் உணவு. ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறை 56 நாள் நடக்கும் முறைஜபத்தில் வேதம் ஓத வந்தோர்க்குப் பெரும் விருந்து, நிறைவில் இலட்சதீபம். தமிழ்நாட்டிலிருந்து சென்று குடியேறிய பட்டர்களும் இந்த உணவில் கணிசமாகப் பங்கு பெற்றவர்கள். இவ்வளவு இலவச உணவு வழங்கப்பட்டும், திவான் ராஜா கேசவதாசர் உருவாக்கிய சாலைக் கடைத்தெரு சற்றும் நொடிக்கவில்லை. நொடிக்கக் காரணமும் இல்லை. பந்தியில் அமரத் தகுதி பெற்றோர் ஒரு சிறு வட்டத்தினர். ஏனையோர் காசு கொடுத்தே அரிசி வாங்க வேண்டியிருந்தது. கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தால் சந்தை குலையும், பிறப்பைக் கேட்டுக் கொடுத்தால் குலையாது என்னும் இந்தப் பொருளாதாரம் படத்திலும் கிழக்கேகோட்டையிலும் ஒன்றுதான்.

இம்முரணை முதலில் நூல் தலைப்பாக்கியவரும் ஒரு குருவானவரே. லண்டன் மிஷன் சங்கத்தின் சாமுவேல் மட்டீர் 1871இல் வெளியிட்ட திருவிதாங்கூர் நூலுக்கு ‘தி லேண்ட் ஆஃப் சாரிட்டி’ என்று பெயரிட்டார். அது தருமபூமி என்ற நாட்டின் சொந்தப் புகழ்ப்பெயரின் மொழிபெயர்ப்பு. அந்தத் தருமம் யாருக்கு என்ற கேள்வி நூலின் உள்ளே கிடக்கிறது. மட்டீரின் பார்வையும் நடுநிலையானதன்று. மதமாற்றப் பணியின் நியாயத்தை நிறுவும் தேவை அவருக்கிருந்தது. ‘அரிசிக் கிறித்தவர்’ என்ற ஏளனத்தை மிஷனரிமாரும் கேட்டவர்களே. ஸ்மால்வுட்டின் ஆலயத்திற்கும் கூட்டம் வந்தது வேதத்திற்காகவா, ரொட்டிக்காகவா என்பதைப் படம் மிகக் கூர்மையாகவே கேட்கிறது.

கிழக்கேகோட்டைக் கோயில் வாசல் ஒடுக்கப்பட்ட சாதியினர்க்குத் திறந்தது 1936 நவம்பர் 12ஆம் நாள் ஆலயப் பிரவேசப் பிரகடனத்தால். அது ஓர் அரசாணை. ஸ்மால்வுட் கையில் ஆணை எதுவும் இல்லை. திருச்சபை அவரைப் பதவி உயர்வு என்னும் பெயரில் விண்வெளிக்குப் பேராயராக்கி, பூமியிலிருந்தே அப்புறப்படுத்திவிடுகிறது.