வண்டி ராத்திரி எங்க நிக்கும்?

போன வருஷம் எங்கள் நண்பர் ஒருத்தர் பழைய கெப் ஒன்று வாங்கினார். ஜப்பானில் ஒரு வாழ்க்கை, கொழும்புப் பக்கம் ஒரு வாழ்க்கை என்று இரண்டு பிறவி முடித்துவிட்டு, மூன்றாவது பிறவிக்கு ஹட்டனுக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்துக்கு வந்து சேர்ந்த வண்டி. வந்த முதல் வாரமே அவருக்கு ஒரே ஆசை. "மூணு இன்ச் எறக்கிரணும்." போனில் படம் படமாகக் காட்டினார். தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும் சின்னச் சின்ன பிக்கப் வண்டிகள். அழகாகத்தான் இருந்தன, பொய் சொல்ல வேண்டாம்.

அவரோடு நாங்களும் கராஜுக்குப் போனோம். கராஜ் அண்ணன் வண்டிக்கடியில் புகுந்து பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். விலை சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"தம்பி, வண்டி ராத்திரி எங்க நிக்கும்?"

"லயத்துக்கிட்டதாண்ணே."

"அப்ப யோசிச்சிட்டு வாங்க."

அந்தக் கேள்வி எங்களை விடவே இல்லை. ஒரு வண்டி எவ்வளவு உயரத்தில் நிற்கலாம் என்பதை வண்டிக்காரர் முடிவு செய்வதில்லை, ரோடுதான் முடிவு செய்கிறது. சரி, அந்த ரோட்டை யார் முடிவு செய்தார்கள்? அதைத் தேடிப் போனதுதான் இந்தக் கட்டுரை.

எறக்குறதுன்னா என்ன?

முதலில் வேலையைப் புரிந்துகொள்வோம். பழைய ஜப்பான் பிக்கப்புகள் பலவற்றில் முன்பக்கம் டோர்ஷன் பார் இருக்கும். முறுக்கிவைத்த இரும்புக் கம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் போல்ட்டைத் தளர்த்தினால் முன்பக்கம் இறங்கிவிடும். ஸ்பனர் ஒன்று போதும். பின்பக்கம் இருப்பது பட்டை பட்டையாக அடுக்கிய லீஃப் ஸ்பிரிங். அச்சு, ஸ்பிரிங்குக்கு மேலே இருக்கும் வண்டியென்றால் இரண்டுக்கும் நடுவில் ஓர் இரும்புக் கட்டையை வைத்து இறக்கலாம். அச்சு கீழே இருந்தால் அதைத் தூக்கி ஸ்பிரிங்குக்கு மேலே மாட்ட வேண்டும். இன்னும் கீழே போகணும் என்றால், அச்சு இடிக்காமல் இருக்க சேஸியையே வளைவாக வெட்டி எடுக்கிறார்கள். ஸ்பிரிங்கைச் சூடாக்கி இறக்குகிற ஆட்களும் உண்டு. அது ஆபத்து. இரும்பின் வீரியம் போய்விடும், பாரம் ஏற்றிய ஒருநாள் முறிந்துபோகும்.

படங்களில் தெரியாத விஷயம் ஒன்று இருக்கிறது. பல பிக்கப்புகளில் பின் பிரேக்கோடு ஒரு வால்வு இணைந்திருக்கும். பின்பக்கம் தாழ்ந்தால், "ஓ, பாரம் ஏற்றியிருக்கிறார்கள்" என்று அது நினைத்துக்கொண்டு பின் சக்கரங்களுக்கு அதிக பிரேக் கொடுக்கும். வண்டியை இறக்கிவிட்டு அந்த வால்வைச் சரிசெய்யாமல் விட்டால், வெறும் வண்டியையும் பாரவண்டி என்றே அது நம்பும். மழையில், இறக்கத்தில், ஒரு கொண்டை ஊசி வளைவில் பின் சக்கரம் பூட்டிக்கொண்டால் என்ன ஆகும்? ரம்பொடை இறக்கத்தில் வந்தவர்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை.

தாழ்வாக, மெதுவாக

இந்த ஆசை எங்கே பிறந்தது? பெரும்பாலும் லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்தைச் சொல்வார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மெக்சிக்க வம்சாவளி இளைஞர்கள் பழைய கார்களை மலிவாக வாங்கினார்கள். ஸ்பிரிங்கை வெட்டினார்கள், டிக்கியில் மண்மூட்டை வைத்தார்கள். மற்றவர்கள் வேகத்துக்குப் பின்னால் ஓடியபோது இவர்கள் தாழ்வாக, மெதுவாகப் போனார்கள். "எங்களைப் பாக்காம நீங்க கடந்து போக முடியாது" என்பதுதான் அதன் அர்த்தம்.

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. சக்கர ரிம்மின் அடிவிளிம்புக்குக் கீழே வண்டியின் எந்தப் பாகமும் இருக்கக் கூடாது என்று 1958இல் கலிபோர்னியாவில் சட்டம் வந்தது. அடுத்த வருஷமே, 1959இல், ரொன் அகீரே என்ற இளைஞர் விமானத்தின் ஹைட்ரோலிக் பம்புகளைத் தன் கொர்வெட் காரில் பொருத்தினார். பொலிஸைக் கண்டால் கார் எழுந்துகொள்ளும், பொலிஸ் போனதும் படுத்துக்கொள்ளும். 1980களில் இதே மோகம் ஜப்பானின் சின்ன பிக்கப்புகளுக்கும் வந்தது. மெதுவாக ஊர்வலம் போவதைத் தடுக்கும் சட்டங்களையும் தாழ்ந்த வண்டிக்கான தடையையும் கலிபோர்னியா நீக்கியது 2023இல்தான்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த இளைஞர்களுக்கு மரியாதை கிடைக்கவில்லை, வேலை கிடைக்கவில்லை, வீடு கிடைக்கவில்லை. ஆனாலும் காலடியில் மட்டமான தார் ரோடு இருந்தது. தாழ்ந்து போவதற்கு ஒரு தரை இருந்தது. நமக்கு?

யாருக்காகப் போட்ட ரோடு?

மலையகத்து ரோடுகளைப் போட்டவர்களில் நம்ம ஆட்களும் உண்டு. 1820களில் கொழும்பு – கண்டி வீதி ஆரம்பமானது. பிறகு கோப்பி வந்தது. கோப்பிக்காக தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை நடந்தார்கள். அந்த வழியில் செத்தவர்களுக்குக் கணக்கே இல்லை. ரோடு போட வந்தவர்களுக்கு ரோடு இல்லை. கதை அங்கேயே தொடங்கிவிட்டது.

1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். 1869இல் கோப்பிக்கு இலைநோய் வந்தது, மெல்ல மெல்ல மலை முழுக்கத் தேயிலையானது. ரயில் 1884இல் ஹட்டனுக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் வந்தது. ரோடும் ரயிலும் ஒரே திசையைத்தான் பார்த்தன: தொழிற்சாலையிலிருந்து கீழே, துறைமுகத்துக்கு. தேயிலைப் பெட்டி குலுங்காமல் போக வேண்டும், துரை பங்களாவுக்கு வண்டி ஏற வேண்டும். லயத்துக்கு? அங்கே இருப்பவர்கள் காலையில் பிரட்டுக்கு நடந்து வரவேண்டியவர்கள். அதற்கு ஒற்றையடிப் பாதை போதும் என்று விட்டுவிட்டார்கள்.

சில தோட்டங்களில் கொழுந்து மூட்டைகளே கம்பியில் தொங்கி மலையிலிருந்து தொழிற்சாலைக்கு இறங்கின. கொழுந்துக்கு ஆகாயத்தில்கூட ஒரு வழி இருந்தது. நோயாளியைப் போர்வையில் கட்டித்தான் தூக்கி வந்தார்கள். பிள்ளை வலி கண்ட பெண்கள் கொழுந்து லொறியில் மூட்டைகளுக்கு நடுவே ஆஸ்பத்திரிக்குப் போன கதையை எங்கள் பாட்டிமார் இன்றும் சொல்வார்கள். உங்கள் வீட்டிலும் கேட்டுப் பாருங்கள்.

ஒரு சட்டம், ஒரு பிரிவு

சுதந்திரம் வந்த 1948லேயே குடியுரிமைச் சட்டம் வந்து, மலையகத் தமிழரில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது. இதெல்லாம் நாம் பலமுறை பேசிய கதை. அதிகம் பேசாத ஒன்றைச் சொல்கிறோம்.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம். அதன் 33ஆம் பிரிவைக் காட்டித்தான், தோட்டத்துக்குள் வேலை செய்ய பிரதேச சபைக்கு அதிகாரமில்லை என்று சொல்லி வந்தார்கள். நாம் ஓட்டுப் போடலாம், நம்ம ஆள் உறுப்பினராகலாம், தவிசாளராகக்கூட ஆகலாம். ஆனால் லயத்துக்குப் போகிற ரோட்டில் சபைக் காசில் ஒரு வண்டி கல் கொட்ட முடியாது. ஏனென்றால் அது தோட்டத்து ரோடு. தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாகி, 1992இல் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. கம்பனிக்குக் கொழுந்து வரும் ரோடு முக்கியம், சபைக்கு அது தன் ரோடே இல்லை. நடுவில் நின்றது லயம்.

இந்தப் பிரிவு திருத்தப்பட்டது 2018இல். ஹைட்ரோலிக் கண்டுபிடித்துச் சட்டத்தை ஏமாற்றிய அகீரே போல நாமும் ஏதாவது செய்திருக்கலாம் என்று தோன்றும். ஆனால் ரோட்டைத் தூக்கி நிறுத்துகிற பம்பை எங்கே வாங்குவது? அதே 2018 உள்ளூராட்சித் தேர்தலுக்கு முன்தான் நுவரெலியா, அம்பகமுவ என்ற இரண்டு பெரிய பிரதேச சபைகள் ஆறாகப் பிரிந்தன. மஸ்கெலியா, நோர்வூட், கொட்டகலை, அக்கரப்பத்தனை எல்லாம் தனிச் சபைகளாக வந்தது அப்படித்தான். அதிகாரம் காகிதத்தில் வந்துவிட்டது. எல்லா மலைக்கும் அது தாராக மாறி வரவில்லை.

கெப் வந்த கதை

1977க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிட, ஜப்பானின் பழைய வண்டிகள் வர ஆரம்பித்தன. அங்கேயும் இடதுபக்கம்தான் ஓட்டுகிறார்கள். வண்டி பழசாகப் பழசாகக் கட்டாயப் பரிசோதனையின் செலவு அங்கே கையைக் கடிக்கும். அவர்கள் தள்ளிவிட்டதை நாம் ஆசையாக வாங்கினோம். பிறகு இந்தியாவின் டாட்டா ஏஸ், டிமோ பட்டாவாக வந்தது. "பட்டா" என்றால் சிங்களத்தில் குள்ளன். தோட்டத்துக்குள் ஒரு குடும்பம் சொந்தமாக வாங்கக்கூடிய வண்டி என்றால் இவைதான்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2025 பெப்ரவரி வரை தனியார் வாகனங்களுக்குக் கதவு திறக்கவில்லை. வாங்கிய விலையைவிட விற்கிற விலை அதிகம் என்கிற கூத்தையெல்லாம் பார்த்தோம். இதே காலத்தில்தான், 2021இல், தோட்டத் தொழிலாளியின் நாள் சம்பளம் 1,000 ரூபாய் ஆனது. அப்படியென்றால் லயத்து வாசலில் நிற்கும் ஒரு பழைய கெப் என்பது என்ன? அக்காவின் அடகு வைத்த சங்கிலி, கொழும்புக் கடையில் பல வருஷம் நின்ற கால்கள், சீட்டுக் காசு.

அதனால்தான் இங்கே கராஜுக்கு வருகிறவர்களில் அநேகம் பேர் இறக்கச் சொல்வதில்லை. ஸ்பிரிங்கில் இன்னொரு பட்டை கூட்டச் சொல்கிறார்கள். லீக்ஸும் கரட்டும் ஏற்றித் தம்புள்ளைக்குப் போக வேண்டும், கல்யாணத்துக்குக் கதிரை ஏற்ற வேண்டும், செத்த வீட்டுக்குப் பெட்டி கொண்டுவர வேண்டும். லயத்தில் ஒருத்தர் கெப் வாங்கினால் அது பாதி அவருடையது, மீதி ஊருடையது.

மறுபடி கராஜ்

ஒரு மாதம் கழித்து நண்பர் எங்களைக் கூப்பிட்டார். நடுவில் ஒரு மழை இரவில், பக்கத்துக் காம்பராவில் ஒரு பெண்ணுக்கு வலி வந்திருக்கிறது. அவர்தான் வண்டியை எடுத்தார். மூன்றாவது வளைவில் நிலத்திலிருந்து துருத்திக்கொண்டு நிற்கும் ஒரு கல், சைலன்சரை உரசிக்கொண்டு விட்டது. உரசல் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு கீழே இறங்கிவிட்டார். தாயும் பிள்ளையும் நலம்.

"எறக்கியிருந்தா மாட்டியிருப்பேன்" என்றார்.

அதனால் ஆசைப்படாதீர்கள் என்று நாங்கள் எழுத வரவில்லை. லயத்துப் பிள்ளைக்கு வண்டி என்றால் பாரம் சுமக்க மட்டும்தானா? கொழுந்துக் கூடையிலிருந்து கெப் வரை எல்லாவற்றையும் பயனுக்கு மட்டுமே வைத்திருக்கச் சொல்வதும் ஒரு துரைத்தனம்தான். அழகுக்காக ஒரு வண்டியைத் தாழ்த்தி, ஞாயிற்றுக்கிழமை மெதுவாக ஒரு சுற்றுப் போய்வர நமக்கும் உரிமை உண்டு. அந்த மூணு இன்ச் நமக்கு வர வேண்டிய பாக்கி. நாங்கள் கேட்பது இதுதான்: உங்கள் லயத்து ரோடு எந்தச் சபையின் வீதிப் பட்டியலில் இருக்கிறது, இருக்கிறதா என்று ஒருமுறை போய்க் கேளுங்கள். பட்டியலில் இல்லாத ரோட்டுக்கு யாரும் காசு ஒதுக்க மாட்டார்கள்.

நண்பர் கேட்டுவிட்டார். கடிதமும் கொடுத்திருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை. போனில் அந்தப் படங்களை அவர் அழிக்கவில்லை. "ரோடு வரட்டும், அப்பறம் எறக்குறேன்" என்கிறார்.

மூன்றாவது வளைவில் அந்தக் கல் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.