அமிர்தம் நஞ்சான கதை

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது முதுமொழி. இதன் உண்மையை மருத்துவ உலகம் பல்லாயிரம் பிஞ்சுக் கண்களை விலையாகக் கொடுத்துக் கற்றுக்கொண்டது.

1942ஆம் ஆண்டிலே, அமெரிக்காவின் பொஸ்டன் நகரக் கண் வைத்தியர் தியடோர் டெரி, மாதம் நிரம்புமுன் பிறந்த சில குழந்தைகளின் கண்வில்லைக்குப் பின்னால் வெண்படலம் மூடியிருக்கக் கண்டு, அதனை எழுதி வெளியிட்டார். அரியதெனக் கருதப்பட்ட அந்நோய் விரைவிற் பெருகியது. 1953ஆம் ஆண்டளவில் உலகில் ஏறக்குறைய 10,000 குழந்தைகள் அதனாற் பார்வை இழந்திருந்தனர் என்பது மதிப்பீடு. வியப்பு யாதெனில், இக்கேடு வறிய நாடுகளில் அன்று, செல்வம் மிக்க நாடுகளின் சிறந்த வைத்தியசாலைகளிலேயே மிகுதியாகக் காணப்பட்டமையாகும்.

காரணம் யாது? விற்றமின் குறைவு என்றனர் சிலர்; ஒளியின் கூர்மை என்றனர் வேறு சிலர். 1951ஆம் ஆண்டில் மெல்பேண் நகரக் குழந்தை வைத்தியர் கேற் காம்பெல் அம்மையார் வைத்தியசாலைகளின் பதிவுகளை ஒப்பு நோக்கினார். பிராணவாயுவைத் தாராளமாக வழங்கிய இடத்தில் நூற்றுக்கு 19 குழந்தைகளும், சிக்கனமாக வழங்கிய இடங்களில் நூற்றுக்கு 7 குழந்தைகளும் நோயுற்றிருந்தனர். உயிர் காக்க ஊட்டிய வாயுவே கண்ணைப் பறித்ததோ என்னும் ஐயம் வலுத்தது.

வாஷிங்டன் நகரில் ஆர்னல் பாட்ஸ் என்னும் இளம் வைத்தியர் இதனைச் சோதிக்க முனைந்தார். ஒரு பகுதிக் குழந்தைகளுக்கு வாயுவைக் குறைத்தளிக்குமாறு அவர் பணித்தார். தாதியர் சிலரோ, குழந்தைகள் மூச்சின்றி மடிவரென அஞ்சி, இரவிலே வாயுக்குழாயை மறைவாகத் திறந்துவிட்டனர். ஆயினும் முடிவு தெளிவாயிற்று. 1953இல் தொடங்கி 18 வைத்தியசாலைகள் இணைந்து நடத்திய ஆய்வும் அடுத்த ஆண்டில் அதனையே உறுதி செய்தது.

நோய் தோன்றும் வகையும் புலனாயிற்று. விழித்திரையின் குருதிக்குழாய்கள் கருவின் நான்காம் மாதமளவில் நடுவிலிருந்து படரத் தொடங்கி, பேறுகாலம் நெருங்கும்போதே ஓரத்தை எட்டுகின்றன. குறைமாதக் குழந்தைக்கு மிகையான பிராணவாயு கிடைப்பின் அவ்வளர்ச்சி தடைப்படும். பின்னர், பட்டினி கிடந்த விழித்திரை ஒழுங்கற்ற புதுக்குழாய்களைக் கிளப்பும். அவை தழும்பாகிச் சுருங்கி விழித்திரையைப் பிரித்திழுக்கும்.

வைத்தியர்கள் உடனே வாயுவை இறுக மட்டுப்படுத்தினர். பார்வையிழப்பு வெகுவாகக் குறைந்தது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. நுரையீரல் முதிராத குழந்தைகள் பிராணவாயுக் குறைவால் மடிந்தனர். ஒரு குழந்தையின் கண் காக்கப்பட்டதற்கு ஏறக்குறைய 16 குழந்தைகளின் உயிர் ஈடாயிற்று என, 1973ஆம் ஆண்டில் கெனத் குரொஸ் என்னும் ஆங்கில அறிஞர் கணித்தார்.

அதன்பின் தீவிர சிகிச்சை வளர, முன்னர் பிழைத்திராத மிகச் சிறிய குழந்தைகளும் பிழைத்தனர். நோயும் மீண்டும் தலைகாட்டியது. 1986, 1987ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவிற் பிறந்த, 1,251 கிராமுக்குக் குறைந்த நிறையுடைய 4,099 குழந்தைகளை ஆராய்ந்தபோது, மூவரில் இருவருக்கு இந்நோய் ஏதோவோர் அளவில் இருந்தது. பெரும்பாலோருக்கு அது தானே தணிந்தது. எஞ்சியோருக்குக் கடுங்குளிராலும், பின்னர் லேசர் ஒளியாலும் சிகிச்சையளிக்கும் முறைகள் வந்தன. 2010ஆம் ஆண்டிற் பிறந்த குறைமாதக் குழந்தைகளுள் ஏறக்குறைய 20,000 பேர் இந்நோயினாற் பார்வையை முற்றாகவோ பெரும்பகுதியோ இழந்தனர் என்பது உலகளாவிய மதிப்பீடு. உரிய வாரத்திற் கண்ணைப் பரிசோதித்திருந்தால் இவர்களுட் பலரைக் காத்திருக்கலாம்.

அதே 2010ஆம் ஆண்டில் வெளியான ஒரு பேராய்வு பழைய பாடத்தையே மீட்டும் உரைத்தது: குருதியிற் பிராணவாயுவின் அளவைத் தாழ்த்தி வைத்தபோது கண்ணோய் குறைந்தது, மரணம் கூடியது. அன்று இரவிலே குழாயைத் திறந்த தாதியும், பின்னாளில் அதனை இறுக மூடிய வைத்தியரும் குழந்தையின் நலத்தையே நாடினர். அன்பு இருவரிடமும் நிறைந்திருந்தது. குறைந்திருந்தது அளவு பற்றிய அறிவே.