ஆரியபடீயத்தில் ஓரெழுத்துப் பாடபேதம்

இக்காலத்துப் பௌதிக நூலார் கண்ட உண்மைகள் யாவும் நம் பழைய நூல்களில் முன்னரே பொதிந்து கிடக்கின்றன என்பார் ஒரு சாரார். அந்நூல்களுள் வழிபாடும் கதையுமன்றி ஆராய்ச்சி என்பது சிறிதும் இல்லை என்பார் மற்றொரு சாரார். இருவரும் நூல்களைத் திறந்து நோக்காமலே வழக்காடுகின்றனர். முன்னையோர் தம் கூற்றுக்கு அரணாக வைமானிக சாத்திரம் என்னும் நூலைப் பரத்துவாச முனிவர் பெயரால் எடுத்துக்காட்டுவது வழக்கம். அதனைப் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்து அறிஞர் ஐவர் 1974இல் ஆராய்ந்து, அது 1904க்கு முற்பட்டதன்று என்றும், அதன்கண் கூறிய ஊர்திகள் பறக்கும் இயல்பின அல்ல என்றும் முடிவு கூறினர். அத்தகையவற்றை விடுத்து, ஆசிரியனும் காலமும் ஐயமற விளங்கும் நூலொன்றனை எடுத்து ஆராய்வதே முறையாம்.

ஆரியபடீயம் அத்தகையது. கலியுகத்தில் 3600 ஆண்டுகள் கழிந்தபோது தமக்கு வயது 23 என அதன் ஆசிரியர் ஆரியபடர் தாமே குறித்துள்ளார். அஃது கி. பி. 499ஆம் ஆண்டாகும். நூலின் முதற் பகுதியாகிய கீதிகாபாதத்தில், ஒரு மகாயுகத்திற் கோள்கள் சுற்றும் சுற்றுக்களைத் தொகுத்துரைக்குமிடத்து, நிலம் கிழக்கு நோக்கிச் சுழலும் சுழற்சியையும் அவற்றோடு வைத்து எண்ணி 1,58,22,37,500 எனக் கணக்கிட்டார். மகாயுகத்து ஆண்டுகள் 43,20,000. இதனால் முன்னதை வகுப்பின் ஆண்டொன்றுக்கு 366¼க்குச் சிறிது மேற்பட்ட சுழற்சி வரும். ஞாயிற்றைச் சுற்றிய ஓராண்டில் நாம் காணும் பகல்கள் இதனின் ஒன்று குறைவு. நாண்மீன்களை நோக்கியெண்ணும் நாளுக்கும் ஞாயிற்றை நோக்கியெண்ணும் நாளுக்கும் உள்ள இவ்வேறுபாட்டை அவர் ஐயமற அறிந்திருந்தார் என்க.

கோளபாதத்தில் அவர் ஓர் உவமை கூறினார். ஓடத்திற் செல்வான் ஒருவனுக்குக் கரையில் நிற்கும் பொருள்கள் பின்னோக்கிச் செல்வனவாகத் தோன்றுமாறுபோல, நிலைபெற்ற மீன்கள் இலங்கைக்கண் நிற்பார்க்கு மேற்கு நோக்கிச் செல்வனவாகத் தோன்றும் என்பது அதன் கருத்து. ஈண்டு இலங்கை என்றது நிலநடுக்கோட்டின்கண் வானநூலார் வைத்துக்கொண்ட ஓரிடத்தை.

இனிப் பாடபேதத்துக்கு வருவோம். கீதிகாபாதத்துச் செய்யுளொன்றில், ஒரு பிராணகாலத்தில் ஒரு கலையளவு சுழல்வது எது என்பது கூறப்படுகின்றது. பிராணன் என்பது இக்காலக் கணக்கில் ஏறக்குறைய 4 செகண்டு. ஒரு நாளைக்கு 21,600 பிராணன். கலை என்பது பாகையில் 60இல் ஒன்று. வட்டம் முழுமைக்கும் 21,600 கலை. ஆகவே நாளொன்றில் ஒரு முழுச்சுற்று என்பதே பொருள். சுற்றுவது எது? ‘பூ’ என்று ஒரு பாடம். ‘பம்’ என்று மற்றொரு பாடம். வடமொழியில் முன்னது நிலம், பின்னது நாண்மீன். இரண்டும் ஓரசையே, இரண்டும் குருவே. ஆதலின் எதனை வைப்பினும் யாப்புக் கெடாது. பொருளோ தலைகீழாக மாறிவிடும்.

பரமேசுவரர் உரையோடு கெர்ன் என்னும் அறிஞர் 1874இல் லெய்டனில் அச்சிட்ட பதிப்பில் ‘பம்’ என்பதே காணப்படுகின்றது. அங்ஙனமாயின் ‘பூ’ என்பதே மூலபாடம் என்று துணிவது யாங்ஙனம்? ஆரியபடரை மறுத்தவர் வாயிலாகவே துணியலாம். கி. பி. 628இல் பிரமஸ்புட சித்தாந்தம் இயற்றிய பிரமகுப்தர், அச்செய்யுளை நிலம் என்னும் பாடத்தோடு எடுத்தோதி, நிலம் சுழலுமாயின் அஃது எங்ஙனம் எவ்வழிச் செல்லும், உயர்ந்த பொருள்கள் விழாதிருப்பது என்னை என வினவினார். எதிரி பகர்ந்த பாடம் ஆசிரியருக்கு 129 ஆண்டுகளே பிற்பட்டது. ஆசிரியன்பால் அன்புடையோர் திருத்திய பாடத்தினும் அவனைக் கடிந்தோர் காத்த பாடம் மெய்யாயிருத்தலைப் பிற நூல்களினும் காணலாம். மேற்காட்டிய சுழற்சித் தொகையும் ‘பூ’ என்னும் பாடத்துக்கே சான்று பகரும்.

திருத்தியவர் யாவர் என்பது விளங்கவில்லையாயினும் திருத்தியதன் காரணம் வெளிப்படை. நிலம் அசையாதது என்பது வழிவழி வந்த கொள்கை. வராகமிகிரரும், நிலம் சுழலுமேல் வானிற் பறந்த புட்கள் தம் கூடு வந்தடையா என்று தடை நிகழ்த்தினார். ஆரியபடரின் நூலைப் போற்றிய உரையாசிரியர்கள் ஆசிரியரை இப்பழியினின்றும் காக்கவேண்டிச் சொல்லைத் திரித்தோ, ஓடவுவமையை மயக்கவுணர்ச்சி என்று கொண்டோ அமைதி கண்டனர். ஓடவுவமையை அடுத்த செய்யுளில் மீன்வட்டம் காற்றால் உந்தப்பட்டுச் சுழல்கின்றது என்று ஆசிரியர் கூறியதும் அவர்க்குத் துணையாயிற்று. இவ்வன்பு வியக்கத்தக்கதே, ஆயினும் நூலுக்கு இதனினும் பெரிய தீங்கு பகைவரால் விளைந்ததில்லை.

பிரமகுப்தரின் நூலுக்கு 9ஆம் நூற்றாண்டில் உரைகண்ட பிருதூதகசுவாமி இதற்கு மாறாக நடந்தார். தாம் உரைவகுக்கும் ஆசிரியரின் தடையை விடுத்து, ஆரியபடர் கொள்கையே பொருந்துவது என்றும், நிலவுருண்டையின்மேல் ஒருவன் எவ்விடத்து நிற்பினும் அவ்விடமே அவனுக்கு மேற்புறமாதலின் பொருள்கள் விழும் என்னும் தடை நில்லாது என்றும் எழுதினார். உரையாசிரியர் நேர்மைக்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

கிரகணத்திலும் இவ்வழக்கே நிகழ்ந்தது. சுவர்பானு என்னும் அசுரன் ஞாயிற்றை இருளால் மறைத்தான் என்றும், அத்திரி முனிவர் அதனை மீட்டார் என்றும் இருக்குவேதம் ஐந்தாம் மண்டிலம் கூறும். மதியைப் பாம்பு விழுங்குதல் சங்கச் செய்யுட்களிலும் உவமையாக வருவது. ஆரியபடரோ ஞாயிற்றை மதி மறைக்கின்றது, மதியை நிலத்தின் நிழல் மறைக்கின்றது என்றார். வராகமிகிரரும் பிருகத்சங்கிதையில் அதனையே உடன்பட்டார். பிரமகுப்தர், இராகுவை மறுப்பது வேதத்துக்கும் மிருதிக்கும் முரண் என்று கடிந்து, இராகுவே பிரமன் வரத்தால் நிழலுட் புகுந்து மறைக்கின்றான் எனச் சமன் செய்தார். கணக்கிடும்போது அவரும் நிழலின் அளவையே கொண்டார் என்பது நோக்கற்பாலது. 1030 அளவில் இந்நாட்டைப் பற்றி எழுதிய அல்பெரூனி இம்முரணைக் கண்டு, சாக்கிரதீசருக்கு நேர்ந்தது தமக்கும் நேருமோ என்று அஞ்சியே இவர் இங்ஙனம் எழுதினார் போலும் எனக் கருதினார். அது மிகையோ உண்மையோ, அச்சம் ஒன்று இருந்ததென்பது மட்டும் தெளிவு.

அவ்வச்சத்துக்கு இடமுண்டா? அளவைகள் காண்டல், கருதல், உரை என மூன்றாய் அடங்குமெனச் சிவஞானசித்தியார் அளவையியல் வகுத்தது. நிழலின் நீளம் காட்சிக்கும் அனுமானத்துக்கும் உரியது. பதியும் பசுவும் பாசமும் ஆகிய இவற்றின் இயல்பு கண்ணாற் கண்டு அளக்கப்படுவதன்று, ஆண்டே ஆகமம் வேண்டப்படும். பாம்பிரண்டையும் உளப்படுத்திக் கோள்கள் அடியாரை வருத்தா என்றருளிய திருஞானசம்பந்தர் பதிகம் வானநூற் கணக்குரைக்க எழுந்ததன்று. அதன்கண் கணக்கைத் தேடுவானும், கணக்கில்லை என்று இகழ்வானும் ஒரே பிழையைச் செய்கின்றனர்.

ஆரியபடர் நூன்முடிவில், மெய்யும் பொய்யும் விரவிய அறிவுக்கடலினின்றும் தன் மதியென்னும் தோணியால் மெய்யறிவாகிய மணியைத் தெய்வ அருளால் எடுத்ததாகக் கூறினார். அருள் எனின் பிரமன் நேரில் வந்து கற்பித்தானோ என்னும் வினாவைக் கேரளத்து நீலகண்ட சோமயாஜி 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தம் ஜோதிர்மீமாம்சையில் எழுப்பிக்கொண்டார். பிரமனோ சூரியனோ தாமே வந்து உபதேசிப்பதில்லை; தெய்வத்தின் அருளாவது மதி தெளிதற்கு ஏதுவாதலே; கணக்குக் காட்சியோடு மாறுபடின் ஆராய்ந்து திருத்துக என்பது அவர் விடை. 1977இல் கே. வி. சர்மா அதனை ஹோஷியார்ப்பூரில் பதிப்பித்தார். அருளையும் ஆராய்ச்சியையும் இத்துணைத் தெளிவாக ஓரிடத்து வைத்துரைத்த நூல் யாம் பிறிதொன்று கண்டிலேம். நீலகண்டர் இதனை வெறும் வாதமாகக் கூறவில்லை. அவருடைய மரபின் முன்னோராகிய பரமேசுவரர், மேலே ‘பம்’ என்று உரைகண்ட அவரே, நிளா ஆற்றங்கரையில் 55 ஆண்டுகள் கிரகணங்களை நோக்கி, பழைய கணக்கின் பிழை கண்டு, 1431இல் திருக்கணிதம் இயற்றினார். சொல்லில் மரபைக் காத்தவர் எண்ணில் மரபைத் திருத்தினார்.

தமிழ்நாட்டில் வாக்கிய கணிதம் சொற்றொடர்களாக மனப்பாடம் செய்யப்பட்டு வழங்கிற்று. 1825இல் ஜான் வாரன் என்பார் காலசங்கலிதம் என்னும் தம் நூலில், புதுச்சேரியிற் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் சோழிகளைத் தரையிற் பரப்பி, எழுத்தொன்றும் எழுதாமல், அவ்வாண்டு மே 31, ஜூன் 1 இரவிற் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை விரித்தெழுதியுள்ளார். 1952இல் நியூகேபவர் அதனை ஆராய்ந்து, தொடக்க நேரம் 4 நிமிடமே பிழைத்தது எனக் கண்டார். நடுவும் முடிவும் மிகுதியாகப் பிழைத்தன. அவ்வாக்கியங்கள் எங்ஙனம் வந்தன என்பது அக்கணிதருக்குச் சிறிதும் தெரியாது என்றும் வாரன் குறித்துள்ளார்.