அடுக்குமாடி நீர்க்கசிவு இழப்பீடு

ஒரு வீட்டிலிருந்து கசிந்த நீர் கீழ்வீட்டையோ பக்கத்து வீட்டையோ பாழாக்கும்போது, அந்தச் சேதத்துக்காகக் கேட்கப்படும் தொகையே நீர்க்கசிவு இழப்பீடு. ஊறிப்போன உட்கூரை, உப்பிய அலமாரி, மின்கசிவால் கெட்ட சாதனங்கள் எல்லாம் இதில் அடங்கும். தண்ணீர் மேல்வீட்டிலிருந்து வந்தது என்று காட்டிவிட்டாலே மேல்வீட்டார் பணம் தந்தாக வேண்டும் என்று பலரும் எண்ணுகிறார்கள். ஆனால் பிரிட்டிஷ் சட்ட மரபைப் பின்பற்றும் நாடுகளில் வழக்கு அவ்வளவு எளிதில் முடிவதில்லை.

சட்டப் பின்னணி

இங்கிலாந்தின் லங்காஷயரில் ஓர் ஆலைக்காக வெட்டிய நீர்த்தேக்கம் 1860-இல் உடைந்து, பக்கத்து நிலக்கரிச் சுரங்கத்தை மூழ்கடித்தது. ரைலண்ட்ஸ் எதிர் ஃபிளெட்சர் என்ற அந்த வழக்கில், அன்று நாட்டின் உச்ச மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 1868-இல் தீர்ப்பளித்தது. ஆபத்தான பொருளைத் தன் நிலத்தில் திரட்டி வைத்தவர், அது தப்பிச் சென்று சேதம் விளைவித்தால், கவனக்குறைவு இல்லாவிட்டாலும் பொறுப்பேற்க வேண்டும் என்ற விதி அதிலிருந்து பிறந்தது.

வீட்டுக் குழாய்த் தண்ணீருக்கும் இதே விதியா? மெல்பர்ன் கட்டடம் ஒன்றின் மேல்மாடியில் யாரோ ஒருவர் கைகழுவும் தொட்டியின் வடிகுழாயில் ஆணி, சோப்பு, கயிறு ஆகியவற்றைத் திணித்துக் குழாயைத் திறந்துவிட்டுப் போனார். இரண்டாம் மாடிக் குடியிருப்பாளரின் சரக்கு நனைந்தது. ரிக்கார்ட்ஸ் எதிர் லோதியன் என்ற அந்த வழக்கில், கட்டடத்தை வைத்திருந்தவர் பொறுப்பல்ல என்று மேல்முறையீட்டை விசாரித்த பிரிவி கவுன்சில் 1913-இல் கூறியது. வீடுகளுக்குக் குழாயில் நீர் கொண்டுவருவது நிலத்தின் இயல்பான பயன்பாடுதான், ஆகவே அந்த விதி அதற்குப் பொருந்தாது என்பது அதன் கருத்து.

2003-இல் பிரபுக்கள் சபை அதையே உறுதிசெய்தது. ஸ்டாக்போர்ட்டில் 66 வீடுகள் கொண்ட அடுக்குமாடிக்குச் சென்ற நகராட்சிக் குழாய் கசிந்து, ரயில் பாதைக் கரை சரிந்து, எரிவாயுக் குழாய் அந்தரத்தில் தொங்கியது. அதைச் சீராக்க, எரிவாயுக் குழாய்க்கு உரிய டிரான்ஸ்கோ நிறுவனம் 93,000 பவுண்டுக்கு மேல் செலவிட்டும் இழப்பீடு கிடைக்கவில்லை. ஆகவே இத்தகைய வழக்குகளில் பொதுவாக, மேல்வீட்டார் அலட்சியமாக இருந்தார் அல்லது கசிவு தெரிந்தும் சரிசெய்யவில்லை என்று காட்டும் சுமை கீழ்வீட்டார் மீது விழுகிறது.

சிங்கப்பூர் நடைமுறை

மாடிமேல் மாடியாக வாழும் சிங்கப்பூர், இந்தச் சுமையைக் குறைக்கத் தனி வழிகளை வகுத்திருக்கிறது. கூட்டுரிமை வீடுகளுக்கு 2004-ஆம் ஆண்டின் கட்டடப் பராமரிப்பு, ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டம் பொருந்தும். உட்கூரையில் ஈரம் தெரிந்தால், மாறாக நிரூபிக்கப்படும்வரை, குறை மேலே உள்ள வீட்டிலோ பொது இடத்திலோ இருப்பதாகவே, இத்தகைய சச்சரவுகளை விசாரிக்கும் ஸ்ட்ராட்டா உரிமை வாரியம் கொள்ளும். அது தன் வீட்டுக் குறையல்ல என்று காட்ட வேண்டியவர் மேல்வீட்டார்தான். இந்த அனுமானம் உட்கூரைக்கு மட்டுமே. சுவரில் படரும் ஈரத்துக்கு இது உதவாது.

வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) வீடுகளின் கதை வேறு. குளியலறைத் தரைக்கு அடியிலுள்ள நீர்த்தடுப்புப் படலம் காலப்போக்கில் தேய்ந்து ஏற்படும் கசிவை யார் தவறாகவும் கருதாமல், மேல்வீட்டாரும் கீழ்வீட்டாரும் சேர்ந்து சரிசெய்ய வேண்டும் என்று குத்தகை விதிகள் சொல்கின்றன. நல்லெண்ணப் பழுதுபார்ப்புத் திட்டத்தில் செலவில் பாதியை வீவக ஏற்கும். மீதியை இரு வீட்டாரும் சமமாகப் பகிர்வார்கள். புதுக் கட்டடங்களில் முதல் 3 ஆண்டுகளுக்குக் குளியலறை ஓடுகளைப் பெயர்க்கத் தடை இருப்பதும் இந்தப் படலத்தைக் காப்பதற்காகவே.

பழுதுபார்ப்புச் செலவு இப்படித் தீரலாம். நனைந்த மெத்தைக்கும் தொலைக்காட்சிக்கும் அதில் வழியில்லை. பேசித் தீராவிட்டால் அந்தச் சேதத்துக்குச் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தை அணுகலாம். சேதம் நேர்ந்த 2 ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். உச்சவரம்பு 20,000 வெள்ளி. இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வெள்ளி. வழக்கறிஞர்களுக்கு அங்கே அனுமதி இல்லை.

சான்றும் கணக்கும்

வடிகாலை அடைத்து, சாயம் கலந்த நீரைக் குளியலறைத் தரையில் பல மணிநேரம் தேக்கி, கீழே நிறம் தெரிகிறதா என்று பார்ப்பது வழக்கமான சோதனை. தேதியுள்ள படங்கள், எழுத்துப்பூர்வ அறிவிப்பு, பழுதுபார்ப்போர் தந்த விலைப்புள்ளி, ரசீதுகள் ஆகியவை கோரிக்கைக்கு வலு சேர்க்கும். எழுதி அறிவித்த தேதிக்குத் தனி மதிப்புண்டு: அதன்பின் கசிவு தெரியாது என்று மேல்வீட்டார் சொல்ல முடியாது. பத்து ஆண்டு பழைய அலமாரிக்குப் புது அலமாரியின் விலை கிடைக்காது. சொட்டுகிறது என்று தெரிந்தும் பொருள்களை நகர்த்தாதவரின் தொகையும் குறையும்.

காப்பீட்டு வழி

பிரான்ஸ் இந்தச் சச்சரவை அண்டைவீட்டார் கையிலிருந்து பெருமளவு எடுத்துவிட்டது. அங்கே 2018 ஜூன் 1 முதல் நடப்பிலிருக்கும், காப்பீட்டாளர்களுக்கு இடையிலான ‘இர்சி’ ஒப்பந்தத்தின்படி, வரி நீங்கலாக 1,600 யூரோ வரையிலான சேதத்தைப் பாதிக்கப்பட்ட வீட்டின் காப்பீட்டாளரே தருகிறார். மேல்வீட்டுக் காப்பீட்டாளரிடம் பொதுவாக அதைத் திரும்பக் கேட்பதில்லை. 5,000 யூரோ வரையிலான சேதத்துக்கும் இந்த ஒப்பந்தமே பொருந்துகிறது.

சிங்கப்பூரில் வீவகக் கடன் வாங்கியவர்களுக்குத் தீக்காப்பீடு கட்டாயம். அது கழகம் கட்டித்தந்த கட்டமைப்பையும் பொருத்துகளையும் மட்டுமே காக்கும். உரிமையாளர் செய்த புதுப்பிப்பு வேலைக்கும் அறைகலன்களுக்கும் வீட்டுப் பொருள் காப்பீடு தனியே எடுக்க வேண்டும்.