நெய் விற்ற காசு

பால் சில மணி நேரத்தில் திரிந்துவிடும். வெண்ணெயில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு தண்ணீர், அதுவும் கெடும். உருக்கி அந்த நீரை வற்றவைத்தால் கிடைக்கும் நெய் மாதக்கணக்கில் நிற்கும். குளிர்பெட்டி இல்லாத காலத்தில் நெய்ப்பானை ஒரு சேமிப்பு. அதைச் சேர்த்தவர்கள் பெண்கள்.

பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படையில் ஓர் ஆயர்மகள் வருகிறாள். விடியலில் தயிர் கடைந்து, மோரைத் தலையில் சுமந்து விற்கிறாள். அதற்குக் கிடைத்த தானியத்தில் சுற்றத்தாருக்கு உணவளிக்கிறாள். நெய்க்கு மட்டும் பொன் வாங்க மறுக்கிறாள். எருமையும் பசுவுமாக வாங்குகிறாள். முல்லை நிலத்தின் வளம் என்றே எனக்கு இதைப் பாடம் நடத்தினார்கள். நான் இதில் காண்பது, தன் உழைப்பின் பலனை எதில் போடுவது என்று ஒரு பெண் எடுத்த முடிவை.

1970இல் வெண்மைப் புரட்சித் திட்டம் தொடங்கியது. கறந்த பால் நேரே கூட்டுறவுச் சங்கத்துக்குப் போனது. கடையும் வேலை குறைந்தது. கை கடுக்கும் அந்த வேலை போனதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் பல வீடுகளில் சங்க உறுப்பினர் கணவர்தான். பணமும் அவர் கைக்கே வந்தது. புல் அறுப்பதும் சாணி அள்ளுவதும் பெண்களிடமே தங்கின. பெண்களுக்கான தனிச் சங்கங்கள் பிறகுதான் வந்தன.

இன்றும் சங்கத்தில் பாலின் கொழுப்பை அளந்து விலை போடுகிறார்கள். அந்தக் கொழுப்புதான் நெய். அவள் விற்பது இன்றும் நெய்தான். பால் அட்டையில் யார் பெயர் இருக்கிறது என்று நம் ஊர்களில் கேட்டுப் பார்க்க வேண்டும்.